பால் வாளியில் தாலி

"அடிப் பாவி! நீதானா?"

பால் நிறுக்கும் கொட்டகையே அதிரும்படி கத்தினாள் அன்னலட்சுமி.

வெள்ளையம்மா கொண்டுவந்த றப்பர் பாலைக் கணக்கப்பிள்ளை சல்லடையில் சாய்த்ததும், அதில் தங்கி மின்னியது அன்னலட்சுமியின் தாலி.

காலையில்தான் ஹெல்மட் போட்ட ஒருவன், மரத்தடியில் குனிந்து சிரட்டைப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தவளின் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு, அவளைத் தள்ளிவிட்டு ஓடியிருந்தான். விசாரிக்க வந்த பொலிஸ் சார்ஜன் இன்னும் போகவில்லை.

"அவன் அறுத்தது, இவ ஒளிச்சது. பாலுக்குள்ள போட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் சார்ஜன்.

"அவ வீட்டுச் சோத்தையே வாங்கித் தின்னுட்டு... தூ!" என்றாள் பக்கத்தில் நின்ற மூக்காயி.

"களவு போன சாமான் உன்கிட்ட இருக்கு. எப்படி வந்திச்சின்னு நீதான் சொல்லணும். சொல்லாட்டி நீதான் கள்ளி. கோட்லயும் அதுதான் பேச்சு," என்று வெள்ளையம்மா பக்கம் திரும்பினார் சார்ஜன்.

வெள்ளையம்மா வாயைத் திறக்கவில்லை.

"தெரியாதுன்னாவது சொல்லேன்டி!" என்றாள் மூக்காயி.

வெள்ளையம்மா கோயிலுக்குப் போகிறவளைப் போல அமைதியாகப் பொலிஸ் ஜீப்புக்கு நடந்தாள். ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தாள். போன மழையில் வழுக்கி விழுந்து ஒடிந்து, கோணலாகச் சேர்ந்த வலது கை. பிடி நிற்கவில்லை.

அந்தக் கையைப் பார்த்ததும் அன்னலட்சுமிக்குச் சுரீரென்றது.

முருகா!

அந்தக் கையால் மரப்பட்டையை வெட்டினால் பால் குறையும். குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், பாதிச் சம்பளம்தான். அதனால் வெள்ளையம்மா தண்ணீர்ப் பீலிக்கு முகம் கழுவப் போகிற நேரத்தில், தன் வாளிப் பாலில் கொஞ்சத்தை அவள் வாளியில் ஊற்றிவிடுவாள் அன்னலட்சுமி. இன்றைக்கும் அழுதுகொண்டே, கைப் பழக்கத்தில் ஊற்றியிருந்தாள். கொடி அறுந்தபோது தாலி கழன்று தன் வாளிக்குள்தான் விழுந்திருக்கிறது!

சொன்னால்? ஒருத்தர் பாலை இன்னொருத்தர் கணக்கில் சேர்த்தால் வேலை நின்றுவிடும். தோட்டத்துச் சட்டம். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"சார்ஜன் மாத்தயா, நிப்பாட்டுங்க! அந்தப் பாலை ஊத்தினது நான்தான்!"

ஒன்றுவிடாமல் சொன்னாள். சார்ஜன் ஒதுங்கி வழிவிட்டார்.

கணக்கப்பிள்ளையின் முகம் கறுத்தது. "ரெண்டு பேரும் நாளைக்கு ஆபீசுக்கு வாங்க."

அன்னலட்சுமி ஓடிப்போய் அந்தக் கோணல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மன்னிச்சிருங்க. உங்களுக்குத் தெரியாம ஊத்தப் போயி, உங்களையே ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேனே!"

வெள்ளையம்மா முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"தெனமும் வாளி கனக்குறது எனக்கா தெரியாது? சல்லடையில தாலி விழுந்ததுமே புரிஞ்சிருச்சு. நான் வாயைத் திறந்தா உன் வேலை போயிருமே, புள்ள!"