பூஜையில் வைத்த மவுஸ்

ஆயுத பூஜையன்று மத்தியானம் வெண்மதி மஞ்சக்குப்பம் கம்ப்யூட்டர் சென்டரைத் திறந்தாள். மறுநாள் விஜயதசமி, அவள் எடுக்கப்போகும் முதல் லினக்ஸ் வகுப்பு. சென்டரின் மவுஸ்கள் எல்லாம் நம்பர் ஸ்டிக்கரோடு, வயர் சுற்றி, இரண்டு பட்டன்களிலும் குங்குமப் பொட்டு வைத்து, சாமி படத்தின் முன் தாம்பாளத்தில் இருந்தன. அவள் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்து ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தாள்.

வகுப்புக்காக விண்டோஸ் திரைக்குள் ஒரு தனிப் பெட்டியில் ஓடவிட்டிருந்த லினக்ஸில் இரண்டு அம்புக்குறிகள் தெரிந்தன. ஒன்று அவள் கையோடு நகர்ந்தது. மற்றது மூலையில் அசையாமல் நின்றது. டிஸ்ப்ளே டிரைவரை மறுபடி போட்டாள். மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தாள். இரண்டும் அப்படியே இருந்தன.

சிதம்பரத்தில் இருந்த அன்புமணிக்குப் போன் செய்தாள். அவளுடைய தாய்மாமன். சென்டர் அவருடையது.

“மாமா, ஏழுல ரெண்டு அம்பு தெரியுது. என்ன பண்ணாலும் போவல.”

“பூஜ போட்டத இன்னிக்கித் தொடக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா? அதுங்களுக்கு இன்னிக்கி லீவும்மா. மூடிட்டு வூட்டுக்குப் போ.”

“நாளைக்கிப் புள்ளைங்க முன்னாடி மானம் போயிடும் மாமா.”

போனை வைத்தாள். எரிச்சலில் தன் மவுஸைப் பிடுங்கினாள். அவளுடைய அம்பு நின்றுவிட்டது. மூலையில் இருந்த அம்பு கிளம்பியது. மெதுவாக வந்து, ‘ஷட் டவுன்’ மேல் நின்றது.

அவள் முதுகுக்குப் பின்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. லினக்ஸ் அணைந்தது.

திரும்பினாள். தாம்பாளத்தில் ஏழாம் நம்பர் மவுஸின் இடது பட்டனில் மட்டும், குங்குமம் ஒரு விரல் அகலத்துக்கு அழிந்திருந்தது.