ஓட்டல் மேனேஜருக்கு ஓர் அர்ச்சனை

குச்சனூர்ச் சனீசுவரர் சந்நிதியில் சனிக்கிழமைக் காலை வெயில் இன்னும் படியேறவில்லை. நல்லெண்ணெய்ப் புகை கண்ணைக் கரிக்க, ஓடைப்பட்டி மூக்கம்மாள் எள் விளக்கை ஏந்தியவாறு முன்வரிசையில் நிற்கிறாள். அவ்வொளியில் அவளுடைய முன்கை முழுவதும் சிவந்த தடிப்புகள் தெரிகின்றன. மகளின் திருமணத்துக்குப் பட்டெடுக்கப் போனவள், கணவன் கர்ணனோடு மதுரையின் மிகப் பெரிய மாடி ஓட்டலில் ஓரிரவு தங்கியதால் பெற்ற பரிசு அது. சுழலாத மின்விசிறி, ஸ்பிரிங் கட்டில், மெத்தை நிறைய மூட்டைப்பூச்சி. முறையிடப் போனவளிடம், பூச்சி உங்கள் துணிப்பொதியில்தான் வந்திருக்கும் என்று மேனேஜர் பலர் முன்னிலையில் கூறினாராம். வாரந்தவறாமல் பாயை வெயிலில் உதறிப் போடுகின்ற ஒருத்தியிடம் கூறத் தகுந்த சொல்லா அது? பூசாரி அர்ச்சனைத் தட்டை வாங்குகிறார்.

“யாரு பேருக்குத் தாயி?”

“பேரு தெரியாது சாமி. மேனேஜருன்னுதான் கூப்பிட்டாக. அந்தாளைச் சனி பிடிக்கணும்.”

“அடி ஆத்தா! அர்ச்சனை பண்ணுனா, பிடிச்ச சனியில்ல விலகிப் போகும்!”

“மேனேஜருக்கு நல்லகாலம் வாங்கிக் குடுக்க வந்தியாக்கும்?” என்று பின்னால் நிற்கும் கர்ணன் சிரிக்கிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள், சிரிப்பு அடங்குகிறது. விளக்குத் திரியை விரலால் தூண்டியபடி சற்று யோசிக்கிறாள்.

“அப்ப எங்க பேருக்கே பண்ணுங்க சாமி. எங்களை விட்டு விலகுறவரு எங்கனயாச்சும் தங்கணுமில்ல? மதுரையில அந்த மாடி ரூமுக்கே போகட்டும். அதே கட்டில்ல படுக்கட்டும். பூச்சி கடிச்சுச்சுன்னா, விடிஞ்சதும் மேனேஜரை அவரே பாத்துக்கிருவாரு.”