நல்லெண்ணெய் குடித்த பெல்ட்

கூடலூர்ப் பட்டறையில், தகரக் கூரை ஓட்டை வழியே விழும் வெயில் மெக்கானிக் ஜாய்ஸின் முழங்கையில் உட்கார்ந்திருக்கிறது. குமுளி மலையடிவாரத்தில் படுத்துவிட்ட வாடகைக் காரின் டைமிங் பெல்ட் அவள் காலடியில் நல்லெண்ணெயில் ஊறி, பல் உதிர்ந்து கிடக்கிறது. பெல்ட் மூடியைக் கழற்றி எண்ணெய் ஊற்றியவன் கார்க்காரன் விஜய்ராஜ்தான். "பைக் செயினுக்கு விடுவம்லக்கா, அதான் இதுக்கும்..." "செயினு எண்ணெய் கேக்கும், தேஞ்சா கரகரன்னு ஊரக் கூட்டும். இது ரப்பர்லே, எண்ணெய் பட்டா சொல்லாமக் கொள்ளாமப் போயிரும். அது சரி, அன்னைக்கு ஒங்க வீட்ல எதுல தாளிச்சாக?" விஜய்ராஜ் சிரிக்கவில்லை. பெல்ட் போன வேகத்தில் பிஸ்டன் இடித்து உள்ளே வால்வு வளைந்திருந்தால் இன்ஜின் காலி; அவனுக்குப் பிழைப்பே இந்த ஒரு கார்தான். புது பெல்ட்டை மாட்டியவள், ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையாலேயே சுற்றுகிறாள், தூங்கும் பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல. எங்காவது முட்டினால் முடிந்தது கதை. மணிக்கட்டு நிற்கிறது, யோசிக்கிறது, மறுபடி நகர்கிறது. எதுவும் முட்டவில்லை. பல்சக்கரத்துக் குறியும் இன்ஜின் குறியும் நேருக்கு நேர் வந்து நிற்கின்றன. வீரபாண்டி அம்மன் முன்னால்கூட விஜய்ராஜ் இவ்வளவு நேரம் மூச்சடக்கி நின்றதில்லை. அவள் சாவியைத் திருப்புகிறாள். ரோட்டில் குமுளி ஜீப் ஒன்று தடதடத்துப் போக, அந்தச் சத்தத்தில் வேறெதுவும் கேட்காமல் அவன் முகம் சுண்டிப்போகிறது. "ஸ்டார்ட் ஆகலையாக்கா?" "டீயப் பாருலே," என்கிறாள். காரின் மட்கார்டின்மேல் வைத்த கிளாஸில், ஜீப் போன பின்னும் டீ வட்டம் வட்டமாக நடுங்கிக்கொண்டிருக்கிறது.