கடைக்குட்டிக்கு நல்ல இடம்

1964 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பம்பாய் மாட்டுங்காவில் ஓர் இரண்டாம் மாடி வீட்டில் நாய்க்குட்டிக்கு இடம் பார்க்கும் நேர்முகத் தேர்வு தொடங்கியது.

"அடுத்த ஆள் வரலாம்!" என்றார் சுப்ரமணியன், ஹாலில் இருந்த ஒரே ஆளைப் பார்த்து.

அந்த ஒரே ஆளான கோமதிநாயகம் எழுந்து, இரண்டடி நடந்து, மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். அடுத்த தெருக்காரர். பேங்க் ஆபீசர்.

சுப்ரமணியன் ஃபோர்ட் வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் ஹெட் கிளார்க். வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டதும், கண்டவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, முழுத்தாளில் பதினாறு கேள்விகள் டைப் அடித்துவிட்டார். தாய் பாமரேனியன். தந்தையைப் பற்றிய கேள்வி அந்தத் தாளில் இல்லை.

நான்கு குட்டிகள் போன மாதமே போய்விட்டன. எல்லாம் பக்கத்துத் தெருக்கள், தெரிந்த மனிதர்கள், நல்ல இடம். கடைக்குட்டி மட்டும் பாக்கி.

"சொந்த ஃப்ளாட்டா, வாடகையா?"

"சொந்தம்."

"சம்பளம்?"

"அறுநூத்தம்பது. அலவன்ஸ் தனி."

"அகத்துல மாமிசம் கீமிசம்?"

"சுத்த சைவம் சார். முட்டைகூட எங்க படியேறாது."

குட்டி வந்து அவர் பேன்ட் நுனியைக் கவ்வியது. கோமதிநாயகம் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார்.

"பிள்ளைங்களுக்கு ரொம்ப ஆசை சார்" என்றார், காலை இறக்காமலே.

"பாத்தேளா, எப்படி ஒட்டிண்டுடுத்து!" என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துப் பூரித்தாள் சுப்ரமணியனின் மனைவி ஷ்யாமளா.

அப்போது இஸ்திரித் துணி மூட்டையோடு வெயிலுமுத்து வந்தார். கட்டடத்தின் கீழே மேஜை போட்டு, அந்த வட்டாரத்துக்கே இஸ்திரி போடுபவர். குட்டி பேன்ட்டை விட்டுவிட்டு அவரிடம் ஓடியது.

"சார், ஒரு வார்த்தை கேக்கணும்."

"என்னப்பா, துணி குறையறதா?"

"துணி சரியாத்தான் இருக்கு. இந்தக் குட்டிய எனக்குத் தந்துருங்க சார்."

ஷ்யாமளா சிரித்துவிட்டாள். சுப்ரமணியன் சிரிக்கவில்லை. தம்முடைய பாரபட்சமின்மை பற்றி அவருக்குப் பெருமை உண்டு. "அரே, ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்று இன்னொரு தாளை எடுத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"எங்க இருக்கே?"

"தாராவி. தண்டவாளத்துக்கு அங்கிட்டு ஒரு கோலி, ஒத்தை ரூமு."

"எத்தனை பேர்?"

"ஏழு பேரு. மச்சான் ஊருக்குப் போனா ஆறு."

"அந்த ஒத்தை ரூம்ல குட்டி எங்க படுக்கும்?"

"எங்க வீட்டுக்காரி பேராச்சி மடியிலதான். நாய்னா அவளுக்கு உசுரு சார்."

"சாப்பாடு?"

"நாங்க திங்கதுதான். சோறு. கருவாட்டுத் தலை இருந்தா அதுவும்."

"ஈஸ்வரா! தயிர்சாதம் தவிர வேற எதுலயும் வாய் வைக்காதே இது!" என்றாள் ஷ்யாமளா. குட்டி வெயிலுமுத்துவின் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது.

"முன் அனுபவம்?"

"இருக்கு சார். இப்பவும் வாசல்ல நாய்ங்க கெடக்கு."

"எல்லாம் தெருநாயாக்கும்?"

வெயிலுமுத்து கொஞ்சம் யோசித்தார். "இப்ப தாராவி நாய்தான் சார்."

சுப்ரமணியன் பேனாவை மூடினார். "அதான் வேண்டாங்கறேன். சேர்க்கைனு ஒண்ணு இருக்கோல்லியோ? நல்ல வம்சத்துக் குட்டி, உன் வாசல்ல கெடக்கற காவாலிகளோட சேர்ந்தா ஒரே வாரத்துல அதுகளோட புத்தி வந்துடும். முன்னாடி குடுத்த நாலும் எப்படி இருக்காம்? ஷ்யாமளா, நீயே சொல்லு."

"பஜனைக்குப் போனப்போ நாலாத்து மாமிகள்ட்டயும் கேட்டேனே! ரொம்ப சமத்தாம். திருஷ்டி பட்டுடும்னு வாசல்ல விடறதே இல்லையாம்."

வெயிலுமுத்து தரையைப் பார்த்தார். "அந்த வீட்டம்மாக்களை நான் ஒண்ணும் கொறை சொல்லலை சார். இதையாவது நேரா எனக்கே குடுத்தியள்னா, பாவம், குட்டிக்கு அலைச்சல் இருக்காது."

"என்ன அலைச்சல்?"

"ஒண்ணுமில்ல சார்."

சுப்ரமணியன் அந்தத் தாளின் குறுக்கே சிவப்பு மையில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார். கோமதிநாயகம், குட்டியைப் பெற்ற பிள்ளைபோல் வளர்ப்பதாக இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்தார். பிறகு குட்டியைத் துண்டில் சுற்றி, சொட்டச் சொட்ட நனைந்த துணியைப் பிடிப்பதுபோல் உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வெயிலுமுத்து ஒதுங்கி வழி விட்டார். குட்டி அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனது.

"நல்ல இடம்" என்றார் சுப்ரமணியன், கதவைச் சாத்திக்கொண்டே.

புதன்கிழமை மாலை கோமதிநாயகம் ஒரு காய்கறிப் பையோடு இஸ்திரி மேஜைக்கு வந்தார். பை நெளிந்தது.

"மெத்தையெல்லாம் நாசம்ப்பா. மத்த நாலு வீட்லயும் உங்கிட்டதான தள்ளிவிட்டாங்க? இதையும் கொண்டு போயிரு. சுப்ரமணியன் காதுக்குப் போகப்படாது" என்றார்.

ஏழு மணிக்கு, தாராவிக் கோலி வாசலில், கூடப்பிறந்த நான்கும் கடைக்குட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தன.