காய்த்த தோட்டம்

தினமும் எந்த அளவு வரை பூஞ்சைக்கொல்லி வயிற்றுக்குள் போனால் ஆயுளுக்குக் கேடில்லை என்பதை, எலிகளுக்கு இரண்டு வருடம் ஊட்டிப் பார்த்துக் கணக்கிட்டவள் மதிவதனி. திராட்சைத் தோட்டத்தில் அன்றுதான் கால் வைத்தாள். மருந்தடித்துக்கொண்டிருந்த ஒச்சப்பனின் தெளிப்பான் முனையிலிருந்த நாசில் அடைத்துக்கொண்டது. அவர் அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். உதடெல்லாம் மருந்தின் நீலம்.

"எப்பவும் இப்படித்தானாண்ணே?"

"அடைச்சா ஊதணும்ல."

அவள் கணக்கில் வாய் என்றால் பழம் தின்கிற வாய் மட்டும்தான். பதறிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"முதல்ல வாயக் கொப்பளிங்க."

கன்னங்கள் உப்ப நன்றாகவே கொப்பளித்தார். அவர் துப்புவதற்காக அவள் விலகி நின்றாள். தலைக்கு மேல் தொங்கிய குலைகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, அவர் விழுங்கினார்.

"காய்ச்சு நிக்கிற தோட்டத்துல எச்சி துப்ப மாட்டோம் தாயி."