ஈரத் தரை

“இதோட நிறுத்திக்கோ. நீ முடிஞ்சு போயிட்ட.”

பயிற்சிக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு நிருபர்கள் இருந்தார்கள். அத்தனை பேர் எதிரிலும் மாஸ்டர் குண்டைத் தூக்கிப் போட்டார்.

வியர்வை சொட்டச் சொட்ட நின்றிருந்த சாம்பியனின் முகத்தில் ஈயாடவில்லை. குத்துச்சண்டையில் ஹெவிவெயிட் பட்டத்தை ஒன்பது வருடமாக யாருக்கும் விட்டுக் கொடுக்காத ஆள். வயது முப்பத்தொன்பது. அடுத்த மாதம் சண்டை. எதிராளிக்கு இருபத்து நாலுதான்.

“மாஸ்டர், உள்ள போய்ப் பேசலாமே...”

“உள்ள என்ன பேச்சு? சாம்பியன் வேகம் குறைஞ்சு போச்சுன்னு ஒரு வருஷமா இவங்க பேப்பர்ல எழுதறாங்க. நான்தான் நம்பாம இவங்களோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். அந்தப் பேப்பரையாவது ஒழுங்காப் படிக்க முடியுதா? எழுத்தை எறும்பு சைஸுக்குக் கொண்டு வந்துட்டாங்க. ஆனா உன் குத்து நல்லாத் தெரியுதே!”

மாஸ்டர் இரண்டு கைகளிலும் மாட்டியிருந்த பேடுகளை உயர்த்திக் காட்டினார். இருபது வருடமாக சாம்பியனின் குத்துகளைப் பயிற்சியில் வாங்கிக்கொள்வது அந்தக் கைகள்தான்.

“முன்னெல்லாம் பேடுல சத்தம் கேட்டப்புறம்தான் உன் வலது கை வந்ததே தெரியும். இப்ப கிளம்பறது தெரியுது, வர்றது தெரியுது, நடுவுல நின்னு ஒரு டீ குடிக்கறதும் தெரியுது. அறுபத்தெட்டு வயசுக் கிழவன் கண்ணுக்கே தெரியற குத்து, அந்தச் சின்னப் பையன் கண்ணுக்குத் தெரியாதா? உன்னைக் கொன்னுடுவான்டா!”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

“என்ன மனுஷர் இவர்! இத்தனை பேர் முன்னாடியா அவமானப்படுத்துவாங்க?” என்று ஒரு நிருபர் முணுமுணுத்தார்.

அவருக்கென்ன தெரியும்? மாஸ்டரின் தம்பியும் குத்துச்சண்டைக்காரர்தான். நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று மூன்று சண்டை கூடுதலாகப் போட்டார். இப்போது தன் மனைவியையே பார்த்து ‘நீங்க யாரு?’ என்று கேட்கிறார். கழுத்தில் துண்டு கட்டி ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. இன்னொருவரை அந்தக் கோலத்தில் பார்க்க மாஸ்டருக்குத் தெம்பில்லை.

“சண்டை போட்டே தீருவேன்னா, வேற ஆளைப் பார்த்துக்கோ. நான் உன் பக்கத்துல நிக்க மாட்டேன்.”

சாம்பியன் அவரையே பார்த்தார். பிறகு அவர் கைப் பேடுகளைப் பார்த்தார்.

“நீங்க இல்லாம நான் மேடை ஏற மாட்டேன் மாஸ்டர். நீங்க சொன்னா சரி.”

கையுறைகளைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். சாயங்காலமே சங்கத்துக்குக் கடிதம் போய்விட்டது. பட்டத்தைத் துறந்ததாக டிவியில் சொன்னார்கள். இனி அவரே கேட்டாலும் திரும்பக் கிடைக்காது.

மறுநாள் காலை, தன் அலமாரியைக் காலி செய்வதற்காக மாஸ்டர் வழக்கத்தை விடச் சீக்கிரமாகவே வந்தார். ஒருவனையாவது காப்பாற்றினோமே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

உள்ளே யாரோ தொங்கும் மூட்டையைக் குத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு குத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை. மூட்டையின் சங்கிலி கதறியது. இப்படி ஒரு சத்தம் கேட்டு வருடமாகிவிட்டது.

வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாளைத் தவிர வேறு யாரும் இல்லை. மாஸ்டருக்கு அவளோடு பேச்சுவார்த்தை கிடையாது. போன வருடம் இதே கூடத்தில் மாஸ்டர் பேடு பிடித்துக்கொண்டிருந்தார். சாம்பியன் வலது கையை முழு வேகத்தில் வீசினார். மறு நொடி மாஸ்டர் தரையில் கிடந்தார். தோள்பட்டையில் எலும்பு முறிவு. ‘வழுக்கிட்டீங்க மாஸ்டர்’ என்று தூக்கிவிட்டவர் சாம்பியன்தான். தரையை ஈரமாக விட்டதற்காக மாஸ்டர் அவளைக் கூடமே அதிரும்படி திட்டினார்.

“யாரும்மா உள்ள? புதுசா யாராவது சேர்ந்திருக்காங்களா?”

“புதுசா? நம்ம சாம்பியன்தான்.”

“சும்மா சொல்லாத. இவ்வளவு வேகமாவா?”

“தினமும் நீங்க வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் அடிப்பாரு. உங்க செருப்புச் சத்தம் கேட்டா நிறுத்திடுவாரு.”

மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார்.

“அப்ப... ஒரு வருஷமா என்னை ஏமாத்தினானா? எதுக்கு?”

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். ‘தெரிஞ்சா மனுஷன் அன்னிக்கே பேடைக் கழட்டி வெச்சிடுவாரு. இதை விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு?’ன்னு கண்ணு கலங்கிக் கேட்டாரு. நீங்க திட்டினதைக்கூட அதுக்காகத்தான் வாங்கிக்கிட்டேன். எல்லாம் முடிஞ்சு போச்சு, இனிமே மறைச்சு யாருக்கு என்ன லாபம்?”

“என்ன தெரிஞ்சா? ஒழுங்காச் சொல்லு!”

அவள் துணியை வாளியில் பிழிந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அன்னிக்கு நான் துடைக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நீங்க விழுந்துட்டீங்க மாஸ்டர். தரை காய்ஞ்சுதான் கிடந்தது.”