வாய் திறந்தவர்

மாலை வெயில் கோயிலின் சன்னல் வழியே வந்து, சுவரில் வரிசையாக மாட்டிய சிலுவைப்பாதைப் படங்களில் முதலாவதில், கைகள் கட்டுண்டு நிற்கும் இயேசுவின் முகத்தில் விழுந்திருக்கிறது. மண்டியிட்டிருக்கும் தையல்காரியின் இடது கன்னம் கன்றி வீங்கியிருக்கிறது. காலையில் கணவன் அறைந்தது. ஜெபம் சொல்ல வாயசைத்தாலே வலிக்கிறது. பக்கத்திலிருக்கும் மாமியார் மெல்ல அவள் காதோரம் சாய்கிறாள். "அவரைப் பாரும்மா. எவ்வளவு அடி! வாயே திறக்காம தாங்கிக்கிட்டாரு. நீயும் கொஞ்சம் பொறுத்துப் போயேன்." தையல்காரி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திறந்தாரு அத்தை. கன்னத்துல அறைஞ்சவனைப் பார்த்து, 'நான் என்ன தப்பாப் பேசிட்டேன், ஏன் என்னை அடிக்கிறே'ன்னு கேட்டாரு. அதை மட்டும் எல்லாரும் எப்படி மறந்துடுறீங்க?" மாமியாரின் விரல்களுக்கிடையே ஜெபமாலை அப்படியே நின்றுபோகிறது. ஜெபம் முடிந்து, அடுத்த படத்துக்குப் போக எல்லோரும் எழுகிறார்கள். மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்பவன் அவள் கணவன்தான். அவளும் எழுகிறாள், ஆனால் நகரவில்லை. வலிக்க வலிக்க வாயைத் திறந்து, கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி கேட்கிறாள். "ஏங்க, காலையில என்னை ஏன் அடிச்சீங்க?" அவன் சிலுவையை இறுகப் பிடித்தபடி தரையைப் பார்க்கிறான். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை. அவன் பதில் சொல்லட்டும் என்று நிமிர்ந்து நிற்கிறாள்.